கணினியும் மண்டையிடியும்

(மன்றத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

  

இன்றைய பேச்சின் தலைப்பைச் செயலாளர் வாசித்தபோது முன்வரிசையிலே சிரிப்பொலி எழுந்தது. ஆண்டுவிழா மேடையென்றால் சைவத்தின் பெருமையையோ தமிழின் தொன்மையையோ பேசுவதே வழக்கம். அவற்றைப் பேச நம்மினும் வல்லவர் பலர் இங்கு இருக்கின்றனர். மண்டையிடியைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. மண்டையிடி உடையவர்களோ இம்மண்டபத்தில் நிறைய உண்டு. ஆகவே தலைப்பை மாற்றாமலே தொடங்குகிறோம்.

நம் பாட்டியர் காலத்தில் தலையிடிக்குக் காரணம் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. மழையில் நனைந்து கொழுந்து பறித்தால் இடிக்கும். கூடைக்கயிறு உச்சந்தலையில் அழுத்தினால் இடிக்கும். ஈரவிறகின் புகை நிறைந்த காம்பராவில் இரவெல்லாம் கிடந்தாலும் இடிக்கும். இன்றோ மலைக்குப் போகாத பிள்ளைக்கும் இடிக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, பாடமெல்லாம் திரைக்குள்ளே போய்ப் புகுந்து கொண்டது. பின்னர் கதவுகள் திறந்தன. ஆனால் திரை நம்மைவிட்டுப் போகவில்லை. ஒப்படை எழுதுவதும் அதிலே, வேலைக்கு விண்ணப்பிப்பதும் அதிலே, கொழும்பிலே நமக்குக் கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் அதன் முன்னாலேதான்.

இது குறித்து வீடுதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. பெரியவர்கள், “அந்தப் பெட்டியை மூடி வை, தலையிடி தானே போய்விடும்” என்கிறார்கள். பிள்ளைகளோ, “பெட்டியை மூடினால் படிப்பும் போய்விடும், பிழைப்பும் போய்விடும்” என்கிறார்கள். இரு கட்சியிலும் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைத்தான் நாம் இன்று பேச விரும்புகிறோம்.

நமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் கொழும்பிலே ஒரு கம்பனியில் கணினியில் விபரங்களைப் பதியும் வேலைக்குப் போனார். மூன்றாம் மாதத்திலே பிற்பகலானதும் நெற்றியும் புருவத்தின் மேற்புறமும் இடிக்கத் தொடங்கிற்று. நாளுக்கு இரண்டு பனடோல் என்று ஆரம்பித்து நான்காயிற்று. ஆறாம் மாதம் வேலையை விட்டுவிட்டு லயத்துக்கே திரும்பி வந்துவிட்டார். வீட்டார் இது கண்ணூறு என்றார்கள். மந்திரித்துத் திருநீறு போட்டார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலே போட்டார்கள். கண்ணூறு என்று சொன்னது ஒரு வகையில் சரிதான். ஊறு கண்ணிலேதான் இருந்தது. பிறர் கண்ணில் அன்று, அவருடைய கண்ணில். ஓராண்டு கழித்து வேறு காரியமாக வைத்தியசாலைக்குப் போனவிடத்தில் கண்ணைப் பரிசோதித்தார்கள். கிட்டத்திலுள்ளதைப் பார்க்கத் துணைசெய்யும் கண்ணாடி ஒன்று போதுமானதாக இருந்தது. அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

இந்த நிகழ்ச்சியினால்தான் நாம் இப்பொருளைப் பற்றித் தேடிப் படிக்க நேர்ந்தது.

கணினி வந்துதான் இந்நோய் வந்தது என்று கருதுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தாலிய வைத்தியரான பெர்னார்டினோ ரமாசினி என்பவர் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றித் தாம் எழுதிய நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலே, எழுத்தர்களின் துன்பங்களைத் தனியே விவரித்தார். இடைவிடாத இருக்கை, கையின் ஓயாத அசைவு, தவறு நேருமோ என்ற மனக்கவலை ஆகிய மூன்றையும் அவர் காரணமாகக் காட்டினார். அன்று இறகுப் பேனா, இன்று விசைப்பலகை. செக்ரோலின்மீது குனிந்து பெயர் பதிந்த நம் தோட்டத்துக் கிளாக்கர் ஐயாமாரும் இந்த வரிசையில் வருகிறவர்களே.

ஆயினும் திரைக்கென்றே உரிய குற்றங்களும் சில உண்டு. நம் கண்ணின் வில்லையைச் சுற்றி ஒரு சிறு தசை இருக்கிறது. தூரத்து மலையைப் பார்க்கும்போது அது தளர்ந்து ஓய்ந்திருக்கும். கிட்டவுள்ள எழுத்தைப் பார்க்கும்போது சுருங்கி உழைக்கும். எட்டு மணிநேரம் திரையைப் பார்ப்பவனுடைய அந்தத் தசை எட்டு மணிநேரம் மூட்டை பிடித்து நிற்பவனை ஒத்தது. அன்றியும், இமைப்பது குறைந்துவிடுகிறது. ஜப்பானிய வைத்தியர்களான சுபோட்டா, நாகமோரி என்னும் இருவர் 1993இல் இதனை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் வாசிக்கும்போது 10 முறையும், திரையைப் பார்க்கும்போது 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள். இமையாத கண் உலர்கிறது, எரிகிறது. அடுப்புப் புகை வெளியேறாத காம்பராவில் எரிச்சல் இருமடங்காகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதெல்லாம் சீமையிலே நடந்த ஆராய்ச்சி, நமக்கு எதற்கு என்று யாரும் எண்ணவேண்டாம். நம் இலங்கையிலேயே ஒன்பது மாகாணங்களிலும் கணினி முன்னிருந்து வேலைசெய்யும் 2,210 அலுவலர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. ரணசிங்க என்பவரும் பிறரும் செய்தது. ஓராண்டுக் காலத்திலே 67.4 வீதமானோருக்குக் கணினியால் வரும் கண் உபாதைகள் இருந்தன. முறைப்பாடுகளில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? தலையிடிதான், 45.7 வீதம். கண் உலர்தல் அதற்கு அடுத்தபடியே வந்தது.

அவ்வாய்விலே இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. ஒன்று, காரணங்களை நிறுத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் கனமாக நின்றது, முன்பே கண்ணில் இருந்த கோளாறு. நாள்தோறும் எத்தனை மணிநேரம் பார்த்தார் என்பதும் சேர்ந்ததுதான். ஆனால் கண் கோளாறு அதைவிட மிகப் பெரிதாக நின்றது. மற்றொன்று சற்று வெட்கப்பட வைப்பது. எப்படி உட்காரவேண்டும், திரையை எங்கே வைக்கவேண்டும் என்ற அறிவு மிகுந்தவர்களிடத்தில் உபாதை குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. நோய் வந்தபின் தேடிப் படித்தார்களோ, படித்தும் செய்யாமல் இருந்தார்களோ! நாம் இங்கே நின்று சொல்வதும் கேட்டுவிட்டுப் போகும் அறிவாகவே முடியுமோ என்ற அச்சம் நமக்கு உண்டு.

எனவே முதலிலே கண்ணைச் சோதிப்பதைப் பற்றிச் சொல்கிறோம். ஒல்லாந்து நாட்டு வைத்தியர் ஹெர்மன் ஸ்நெலன் 1862இல் அமைத்த எழுத்து அட்டையைப் பாடசாலைச் சுவரிலே எல்லாரும் கண்டிருப்பீர்கள். ஆறு மீற்றருக்கு அப்பால் நின்று மேலிருந்து கீழாக வாசிப்பது. கடைசி வரி வரையில் வாசித்த பிள்ளையை, “கண் நன்றாக இருக்கிறது” என்று அனுப்பிவிடுகிறார்கள். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. தூரத்துப் பொருள் தெளிவாகத் தெரிந்தும் கிட்டப் பார்க்க அளவுக்கு மீறி உழைக்கவேண்டிய கண்கள் சிலருக்கு உண்டு. இளவயதிலே அந்தத் தசைக்குப் பலம் இருப்பதால் அட்டையைத் தடையின்றி வாசித்துவிடுவார்கள். பிற்பகலில்தான் புருவத்துக்கு மேலே இடிக்கும். நாம் சொன்ன சகோதரியும் பாடசாலையில் அந்த அட்டையைக் குறையின்றி வாசித்தவரே. ஆகவே தலையிடி உள்ளவர், “எனக்கு எல்லா எழுத்தும் தெரிகிறது” என்று நின்றுவிடக் கூடாது. வாசித்தால் தலையிடிக்கிறது என்பதைக் கண் பரிசோதிப்பவரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு நாள் வேலையும் பஸ் காசும் போகும் என்பது உண்மை. அது சிறிய செலவு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஓராண்டுக்கு வாங்கும் பனடோலையும் போன வேலையையும் எதிரே வைத்துப் பாருங்கள்.

கண்ணாடியைப் பற்றி இன்னும் இரண்டு சொல். பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் சம்பந்தம் பேச வரமாட்டார்கள் என்று சில தாய்மார் அதை அலுமாரியிலே பூட்டி வைக்கிறார்கள். மாப்பிள்ளை வந்து பார்க்கும் ஒரு மணிநேரத்துக்காக ஆண்டு முழுவதும் பிள்ளையைத் தலையிடியோடு இருக்கச் செய்வது நியாயமா என்று அத்தாய்மாரையே கேட்கிறோம். இளைஞர்களிடத்தில் வேறொரு மயக்கம். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்த கண்ணாடிகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். 17 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கொக்ரேன் அறிக்கை 2023இல் வெளிவந்தது. திரையால் வரும் கண் களைப்பை அவை சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. காசை வைத்துக்கொண்டு கண்ணைச் சோதியுங்கள்.

கண்ணுக்கு அடுத்தது கழுத்து. மனிதத் தலையின் கனம் பத்துப் பன்னிரண்டு இறாத்தல். நிமிர்ந்திருக்கும்போது கழுத்துக்கு அவ்வளவே சுமை. நியூயோர்க்கிலுள்ள முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டுச் சொன்னபடி, தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 60 இறாத்தல், அதாவது 27 கிலோ. கைத்தொலைபேசியை மடியில் வைத்துப் பார்ப்பவன் குனிவது ஏறக்குறைய அவ்வளவுதான். இது மாதிரியொன்றை வைத்துப் போட்ட கணக்கே. எனினும் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக் கூடை சுமந்த தாய்மாருக்கு இது விளங்காமல் போகாது. அம்மா தலையில் சுமந்ததை இறக்கி வைக்கத்தான் நம்மைப் படிக்க வைத்தார். நாமோ அதைவிடக் கனமான ஒன்றை ஆறு அங்குலக் கண்ணாடித் துண்டின் வடிவில் கழுத்திலே ஏற்றிக்கொண்டோம். கழுத்துத் தசை இறுகினால் அவ்விறுக்கம் பிடரியில் தொடங்கித் தலையைச் சுற்றி நாடா கட்டியது போல வலிக்கும்.

நூல்களிலே, “மேசையும் சாயும் கதிரையும் வேண்டும், திரை ஒரு கையளவு தூரத்தில் இருக்கவேண்டும், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமையவேண்டும்” என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவைக் கண்டதில்லை. அதற்குள்ளே கட்டிலும் அலுமாரியும் சாமிப்படமும் போக மேசைக்கு இடம் ஏது? நாம் கண்ட வழி இது: கட்டிலில் குப்புறக் கிடந்து பார்ப்பதை முதலில் விடவேண்டும். பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பழைய புத்தகங்களை அடுக்கி, மடிக்கணினியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தலாம். அப்போது கை எட்டாது. மலிவான தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக் கீழே வைத்துக்கொள்ளவேண்டும். இந்தச் செலவு ஒன்றுதான் நாம் சிபாரிசு செய்வது. முகட்டிலே தொங்கும் ஒற்றை விளக்கு திரையிலே பிரதிபலிக்காதபடி பக்கவாட்டில் திரும்பி உட்காரவேண்டும். கைத்தொலைபேசியில் படிப்பவர் அதை முகத்துக்கு நேரே உயர்த்தித் தலையணைமேல் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கவேண்டும் என்று அமெரிக்கக் கண்பார்வை நிபுணர் ஜெஃப்ரி ஆன்ஷெல் ஒரு விதி சொன்னார். அந்த எண்கள் வேதவாக்கல்ல. பின்வந்த ஆய்வுகளில் 20 விநாடி போதுமா என்ற ஐயம் எழுந்திருக்கிறது. ஆனால் எழுந்து நடந்து தூரத்தைப் பார்ப்பதால் கண்ணும் கழுத்தும் ஒருங்கே ஓய்கின்றன என்பதில் ஐயமில்லை. கொழும்பிலே சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். நமக்கோ வாசலுக்கு வந்தால் வானம் வெளுத்த நாளில் சிவனொளிபாதமலை தெரிகிறது. இருந்தும் நாம் வாசலுக்கு வருவதில்லை!

இனி மருந்து. நோயையும் அதன் காரணத்தையும் தேடச் சொன்ன வள்ளுவரை மேடைதோறும் புகழ்கிறோம்; பனடோல் அட்டையைப் பிய்க்கும்போது மறந்துவிடுகிறோம். எப்போதோ ஒருநாள் போடுவதில் தவறில்லை. வளர்ந்தவருக்கும் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது. மீறினால் ஈரல் கெடும். பலருக்குத் தெரியாத செய்தி இன்னொன்று: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக இத்தகைய குளிசை போடுபவருக்கு அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கக் கூடும். இதனை வைத்தியர்கள் தனி நோயாகவே வகுத்திருக்கிறார்கள். நிறுத்தினால் முதற் சில நாள் வலி கூடும், பிறகே குறையும். ஆகவே வைத்தியரிடம் சொல்லி நிறுத்துவது நல்லது. நாளும் குளிசை போடும் இளைஞர்கள் இங்கே இருந்தால் இன்று இரவே நாட்காட்டியில் புள்ளி வைத்து எண்ணத் தொடங்குங்கள்.

பாட்டியின் சித்தாலேபத்தையும் கோடாலித் தைலத்தையும் நாம் இகழ வரவில்லை. 1996இல் ஜெர்மனியில் வெளியான பரிசோதனை ஒன்றில், பெப்பர்மின்ட் எண்ணெயை நூற்றுக்குப் பத்து வீதம் மதுசாரத்தில் கலந்து நெற்றியிலே தடவியபோது, இறுக்கத்தால் வந்த தலையிடிக்கு அது இரண்டு பனடோலுக்கு ஈடாக நின்றது. தடவுவதும் பிடரியை அமுக்கிவிடுவதும் நல்லவையே. கண்ணில் படக்கூடாது, கைக்குழந்தைக்குப் பூசக்கூடாது. அவ்வளவுதான்.

வயிற்றையும் சற்றுக் கவனிக்கவேண்டும். காலையில் வெறும் சாயத்தண்ணீரோடு கணினி முன் உட்கார்ந்து பிற்பகல் இரண்டு மணிவரை பட்டினி கிடப்பவனுக்குத் தலையிடி வருவது பசியால். கந்தசஷ்டி விரதகாலத்தில் இது கூடுகிறது. விரதத்தை விடச் சொல்லவில்லை, குருக்கள் ஐயா கோபிக்கவேண்டாம். நீராவது போதியளவு அருந்தி, அந்நாட்களில் திரை வேலையைக் குறைத்துக்கொள்ளலாமே. நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை தேநீர் குடிப்பவர் அதைத் திடீரென்று நிறுத்தினாலும் அடுத்த நாள் தலை இடிக்கும். உறக்கத்தைப் பற்றி நாம் சொன்னால் நம் நண்பர்களே நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆகையால் விட்டுவிடுகிறோம்.

ஒன்றை மட்டும் விடமுடியாது. இடிவிழுந்தாற்போலத் திடீரென்று வந்த கடுந்தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் சோர்தல், தலையில் அடிபட்டபின் வாந்தி, பார்வை திடீரென மங்குதல் ஆகிய இவை கணினித் தலையிடி அல்ல. தைலம் தேடி நேரம் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். இரவானாலும், வாகனத்துக்குத் துரையிடம் போய்க் கேட்க நேர்ந்தாலும்.

இதுவரை இளைஞர் கண்ணையே பேசினோம். பெரியவர்கள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணியிருக்கலாம். அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களிலே 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரிடம் நடந்த ஒரு பரிசோதனை 2018இல் லான்செட் குழுமத்துச் சஞ்சிகையில் வெளியாயிற்று. எல்லாருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. ஒரு பாதியினருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள். மறுபாதியினருக்குப் பின்னர் கொடுப்பதாக ஏற்பாடு. கண்ணாடி பெறாதவர்கள் நாளுக்குச் சராசரி 26 கிலோவிலிருந்து 30.6 கிலோவுக்கு உயர்ந்தார்கள். பெற்றவர்களோ 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவுக்கு உயர்ந்தார்கள். கண்ணாடியால் மட்டும் வந்த வேறுபாடு ஏறக்குறைய 21.7 வீதம். நம் தாய்மாரில் எத்தனை பேர் கொழுந்து மலையிலே கண்ணாடியோடு நிற்கக் கண்டிருக்கிறோம்? பெயருக்கு நிறை குறைந்தால் கை தளர்ந்துவிட்டது என்கிறார்கள். தளர்ந்தது கையா கண்ணா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே மன்றம் ஒரு சிறு காரியம் செய்திருக்கிறது. பின்சுவரிலே அட்டை தொங்குகிறது. ஆறு மீற்றர் அளந்து தரையிலே வெண்கட்டியால் கோடு கிழித்திருக்கிறோம். எழுத்தறியாத பாட்டிமாருக்காக மூன்று கால் உள்ள குறியீட்டு அட்டையும் இருக்கிறது. கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், விரலால் அழுத்தவேண்டாம். வாசிக்க இயலாதவர் பெயரும், எல்லாம் வாசித்தும் தலையிடிக்கிறது என்பவர் பெயரும் குறித்துக்கொள்ளப்படும். அவர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வருகிற போயா விடுமுறைக்குப் பின்வரும் வாரத்தில் நம் இளைஞர் நால்வர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். பிரசாதம் வாங்கியபின் கோட்டருகே வாருங்கள். வரிசையில் பாட்டிமார் முதலில்.